பெஞ்சுக்கும் டிக்கெட்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா விருதுநகரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மகளுக்கு நவம்பரில்தான் பத்து வயது நிறைந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோருமாக அனஹைம் போய் டிஸ்னிலேண்ட் பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டில் பேச்சு. சான் ஹோசேயிலிருந்து அறுநூறு கிலோமீட்டர். காரிலேயே போய்விடலாம்.

டிஸ்னிலேண்டில் மூன்றிலிருந்து ஒன்பது வயதுவரைதான் குழந்தை. பத்து ஆகிவிட்டால் பெரியவர் டிக்கெட். ஆக எங்கள் வீட்டில் நான்கு பெரியவர்கள். கூட்டம் மிகுந்த நாட்களுக்கு அப்போதைய விலை ஆளுக்கு 206 டாலர். நான்கு பேருக்கு 824. பொது வரிசையில் நிற்காமல் முன்னால் போவதற்கு ‘லைட்னிங் லேன்’ பாஸ், தொடக்க விலையே ஆளுக்கு 32. அது 128. காரை நிறுத்த 35. மொத்தம் 987 டாலர். இன்னும் பெட்ரோல் போடவில்லை, ரூம் எடுக்கவில்லை, மகள் ஒரு ஐஸ்கிரீம்கூடக் கேட்கவில்லை.

பக்கத்தில் அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு எவ்வளவுய்யா?”

“இருநூத்தி ஆறு டாலர்மா.”

மனசுக்குள்ளேயே ரூபாயாக மாற்றிவிட்டார். “பதினேழாயிரத்துக்கு மேல வருதே. நான் எதுலயும் ஏறப் போறதில்ல. ஒரு பெஞ்சுல உக்காந்து புள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கப் போறேன். பெஞ்சுல உக்கார்றதுக்கா இவ்வளவு ரூவா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு எக்செல்லை மூடிவிட்டு டிஸ்னிலேண்டின் பழைய டிக்கெட் விலைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தால், அந்தப் பூங்காவின் கதையே ஒரு பெஞ்சில்தான் தொடங்குகிறது.

*

லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பெரிய பொதுப் பூங்கா இருக்கிறது. வால்ட் டிஸ்னி சனிக்கிழமைகளில் தன் இரண்டு மகள்களையும் அங்கே கூட்டிப் போவார். பிள்ளைகள் ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருந்தால் என்ன என்று அந்தப் பெஞ்சில்தான் தோன்றியது என்று அவரே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன்னால் அமெரிக்காவில் கேளிக்கைப் பூங்காக்கள் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டிராம் கம்பெனிகளே அவற்றைக் கட்டின. வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களால் டிராம் நிரம்பும், ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடும். அதனால் பாதை முடியும் இடத்தில் ஒரு ராட்டினம், ஒரு நடன மண்டபம், ஒரு குளம். டிராம் டிக்கெட்தான் வருமானம் என்பதால் பல இடங்களில் உள்ளே போகக் காசு கிடையாது. நியூயார்க்கின் கோனி ஐலண்டுக்கு 1920-இல் சப்வே வந்தபோது ஐந்து சென்ட் கொடுத்தால் கடற்கரைக்குப் போய்விடலாம். ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் தனியாகக் காசு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வாசல்கள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. வாஷிங்டன் அருகே டிராம் பாதையில் இருந்த கிளென் எக்கோ பூங்காவில் கறுப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. 1960 ஜூன் 30 அன்று ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் உள்ளே போய் ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். கைதானார்கள். அந்தக் கோடைக்காலம் முழுக்கப் போராட்டம் நடந்தது. அடுத்த ஆண்டுதான் பூங்கா எல்லோருக்குமானது. அமெரிக்கக் குடும்பங்களின் பொன்னான ஞாயிற்றுக்கிழமைகள் என்று எங்காவது வாசித்தால் எந்தக் குடும்பங்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வால்ட் டிஸ்னிக்குப் பழைய பூங்காக்கள் பிடிக்கவில்லை. அழுக்கு, பீர், ஏமாற்று விளையாட்டுகள். 1953-இல் அவருடைய ஆட்கள் சிகாகோவில் பூங்கா முதலாளிகள் சிலரிடம் வரைபடத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள். ஒரே வாசல் வைத்தால் நெரிசலாகும், பீர் விற்காமல் லாபம் வராது, இது ஓடாது என்றார்கள் அனுபவசாலிகள். வால்ட் கேட்கவில்லை. அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்தை வாங்கி, ஏபிசி தொலைக்காட்சியின் முதலீட்டோடும் கடன் உத்தரவாதத்தோடும் சுமார் 1.7 கோடி டாலர் செலவில் 1955 ஜூலையில் திறந்தார். டிராம் போகாத ஊர். புதிதாக வந்துகொண்டிருந்த ஃப்ரீவேயை நம்பி, கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்காகக் கட்டிய இடம்.

ஒரே வாசல். அந்த வாசலில் பெரியவருக்கு 1 டாலர், குழந்தைக்கு 50 சென்ட். உள்ளே ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. ஆக, அம்மா கேட்ட பெஞ்சுக் காசு 1955-லேயே வந்துவிட்டது. அப்போது அது 1 டாலர். விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தால் 2024-இல் சுமார் 12 டாலர். பன்னிரண்டு டாலர் என்றால் அம்மா வாயைத் திறந்திருக்க மாட்டார்.

*

திறந்த சில மாதங்களிலேயே ஒவ்வொரு ரைடின் முன்னாலும் சில்லறை எண்ணுவது தொல்லையாகிவிட்டது. 1955 அக்டோபரில் டிக்கெட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று மூன்று வகை. பழைய மாடல் கார், குதிரை வண்டி போன்ற சாதாரண விஷயங்களுக்கு ஏ டிக்கெட். மறு ஆண்டு டி. 1959-இல் மேட்டர்ஹார்ன் பனிமலை ரோலர் கோஸ்டரும் நீர்மூழ்கிக் கப்பலும் மோனோரயிலும் வந்தபோது ஈ டிக்கெட்.

புத்தகத்தில் ஈ டிக்கெட் சிலதுதான் இருக்கும். அது தீர்ந்துபோகும், ஏ டிக்கெட் மிஞ்சும். மிஞ்சியதை அடுத்த தடவைக்கு என்று பத்திரப்படுத்துவார்கள். கலிஃபோர்னியாவில் பல வீடுகளில் மேசை டிராயருக்குள் பழைய ஏ டிக்கெட்டுகள் கிடந்தன. விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு, 1983-இல் ராக்கெட் கிளம்பிய அனுபவத்தை ஈ டிக்கெட் சவாரியோடு ஒப்பிட்டுப் பேசினார். அப்போது ஈ டிக்கெட்டே ஒழிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இந்த டிக்கெட் முறையை வைத்து 1971-இல் ஒரு பொருளாதாரக் கட்டுரை வந்தது. எழுதியவர் வால்டர் ஓய். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிறுவனாக முகாமில் அடைக்கப்பட்டவர். பின்னாளில் பார்வையை முழுக்க இழந்தவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இப்படி ஒரு பூங்கா வைத்திருப்பவர் காசை வாசலில் வாங்க வேண்டுமா, ரைடில் வாங்க வேண்டுமா? வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ரசனை உள்ளவர்கள் என்றால், ரைடை அதன் அடக்கச் செலவுக்கே கொடுத்துவிட்டு வாசலில் மொத்தமாக வாங்குவதுதான் அதிக லாபம் என்று அவர் காட்டினார். வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள் என்றால் கணக்கு மாறும், ரைடிலும் கொஞ்சம் வாங்க வேண்டிவரும். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

வாசலில் ஒரே விலை என்ற முறையை மற்ற பூங்காக்கள் முன்பே செய்து பார்த்திருந்தன. டெக்சாஸில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் 1961-லேயே, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மேஜிக் மவுன்டன் 1971-இல். டிஸ்னிலேண்ட் 1982-இல்தான் டிக்கெட் புத்தகங்களை விட்டது. ‘பாஸ்போர்ட்’ என்று ஒரே டிக்கெட், விலை 12 டாலர். உள்ளே போய்விட்டால் எதில் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். 

அந்த ஆண்டு கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.35 டாலர். ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வேலை செய்தால் ஒரு நாள் டிக்கெட். 2024-இல் கூலி 16 டாலர். மிக மலிவான நாளின் டிக்கெட் 104 டாலர், ஆறரை மணி நேர உழைப்பு. விலை உச்சத்தில் இருக்கும் நாளுக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்று மணி நேரம். விலை மெதுவாக ஏறிய காலமும் உண்டு, 1984-இல் மைக்கேல் ஐஸ்னர் தலைமைக்கு வந்த பிறகு வேகமாக ஏறிய காலமும் உண்டு. 2016-இல் நாளுக்கு நாள் விலை மாறும் முறை வந்தது. கூட்டம் இல்லாத நாளில் குறைவு, கூட்டமான நாளில் அதிகம். மலிவான நாட்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் நடக்கும் வார நாட்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மலிவான செவ்வாய்க்கிழமையால் என்ன பிரயோஜனம்?

ஆனாலும் 1982-இன் ஒரே விலைக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. காசு விஷயம் வாசலோடு முடிந்துவிடும். அதற்குமேல் உள்ளே இருப்பது வரிசை மட்டும்தான். வக்கீல் வீட்டுப் பிள்ளையும் மெக்கானிக் வீட்டுப் பிள்ளையும் ஒரே வளைவில் ஒரே வெயிலில் நிற்க வேண்டும். 

*

வரிசை என்றால் எனக்குத் தொழில். எங்கள் காலேஜில் ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் வரும். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது சாதாரண க்யூ. முக்கியமானவரை முன்னால் அனுப்பினால் அது ப்ரையாரிட்டி க்யூ. ப்ரையாரிட்டி க்யூவுக்கு ஒரு வியாதி உண்டு என்றும் பாடம் சொல்லும். முக்கியமானவர்கள் வந்துகொண்டே இருந்தால் கடைசியில் நிற்பவனின் முறை வரவே வராது. அதற்கு ‘ஸ்டார்வேஷன்’ என்று பெயர். பட்டினி. அதற்கு மருந்தும் உண்டு: காத்திருக்கும் நேரம் கூடக்கூட, காத்திருப்பவனின் முக்கியத்துவத்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது.

1999-இல் டிஸ்னி ‘ஃபாஸ்ட்பாஸ்’ கொண்டுவந்தது. ரைடின் வாசலில் உள்ள மெஷினில் டிக்கெட்டைச் செருகினால் ஒரு சீட்டு வரும். அதில் போட்டிருக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தால் குட்டி வரிசையில் போய்விடலாம். காசு கிடையாது. காலையில் சீக்கிரம் எழுந்து ஓடுகிற அப்பாக்களுக்குச் சாதகம். அவ்வளவுதான். யுனிவர்சல், சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்கள் இதேபோன்ற வசதியைக் காசுக்கு விற்றபோதும் டிஸ்னி பல வருஷம் இலவசமாகவே வைத்திருந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூங்காக்கள் மூடின. திறந்தபோது ஃபாஸ்ட்பாஸ் இல்லை. 2021 அக்டோபரில் ஃபுளோரிடாவில் ‘ஜீனி பிளஸ்’ வந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். டிசம்பரில் கலிஃபோர்னியாவில் 20. 2024-இல் அதன் பெயர் லைட்னிங் லேன். அதே ஆண்டு அக்டோபரில் அதற்கும் மேலே ஒரு பாஸ் அறிவித்தார்கள். நேரம் எதுவும் குறிக்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். டிஸ்னிலேண்டில் ஆளுக்கு 300 முதல் 400 டாலர். நுழைவு டிக்கெட் தனி.

இதை ஏ முதல் ஈ வரையிலான பழைய டிக்கெட்டே திரும்பி வந்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஈ டிக்கெட் வாங்கியவர் தன் சவாரிக்குக் காசு கொடுத்தார், வரிசையில் நின்றார். லைட்னிங் லேனில் விற்பது சவாரியை இல்லை. ஒரு ரோலர் கோஸ்டர் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேரைத்தான் ஏற்றும். அந்த எண்ணிக்கை காசால் கூடாது. முன்னால் போகிறவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு இருக்கையும் பொது வரிசையில் நிற்பவரிடமிருந்து எடுத்தது. விற்பனைக்கு வந்திருப்பது பக்கத்து வரிசைக்காரரின் நேரம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு டெலிவரி ஆப்பில், கூடுதலாகச் சில டாலர் கொடுத்தால் சாப்பாடு முதலில் வரும் என்ற வசதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். வேலை செய்யும்போது காசு கொடுத்தவருக்கு எத்தனை நிமிஷம் மிச்சம் என்பதை மட்டும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். கொடுக்காதவருக்கு எத்தனை நிமிஷம் கூடியது என்று ஒரு வரைபடம் போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அந்த வருஷம் நல்ல போனஸ் வந்தது.

மகளுக்கு எட்டு வயதில் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். எக்ஸ்பிரஸ் வரிசைக்குக் காசு கொடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் நின்றாயிற்று. பக்கத்தில் ஒரு கம்பிக்கு அப்புறம் ஆட்கள் நடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். 

“அப்பா, அவங்க ஏன் நிக்கல?”

“அவங்க கொஞ்சம் அதிகமா காசு குடுத்திருக்காங்கடா.”

கொஞ்ச நேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்மகிட்ட இல்லையா?”

இருந்தது. அதுதான் சங்கடம். சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் சம்பளம் வாங்குகிறவனிடம் இல்லாமல் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பத்தில் ஒருவர் பூங்காவுக்கு வருவதற்காக ஓவர்டைம் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பையன் இதே கேள்வியைக் கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

*

குடும்பங்கள் பூங்காக்களைக் குறைத்துக்கொள்வதற்கு விலைவாசி, வட்டி, வேலை பயம் என்று காரணம் சொல்கிறார்கள். உண்மைதான். 2024-இல் லெண்டிங்ட்ரீ நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், டிஸ்னி போய்வந்தவர்களில் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பெற்றோரில் 45 சதவீதம் பேர் அதற்காகக் கடன்பட்டதாகச் சொன்னார்கள். 2025-இன் இரண்டாம் காலாண்டில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களுக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 9 சதவீதம் குறைவு. நிறுவனம் மோசமான வானிலையையும் ஒரு காரணமாகச் சொன்னது. நவம்பரில் மேரிலாந்தில் இருந்த அதன் பூங்கா ஒன்று நிரந்தரமாக மூடப்பட்டது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சான்டா கிளாராவில், சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு நடுவே, 1976-இல் திறந்த கிரேட் அமெரிக்கா பூங்கா. வாசலில் இரண்டு அடுக்கு ராட்டினம். 1980-களில் அந்த இடத்தில் கட்டடங்கள் வந்துவிடக் கூடாது என்று நகராட்சியே அதை வாங்கிக் காப்பாற்றியது. 2019-இல் நிலத்தைப் பூங்காவை நடத்தும் நிறுவனத்துக்கு 15 கோடி டாலருக்கு விற்றது. அந்த நிறுவனம் மூன்றே ஆண்டில் அதைச் சுமார் 31 கோடிக்குக் கிடங்குகள் கட்டும் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுக் குத்தகைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறது. ராட்டினம் சம்பாதிப்பதைவிட அது நிற்கும் மண் அதிகம் சம்பாதித்துவிட்டது.

டிஸ்னி அப்படி இல்லை. 2024 நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் செயல்பாட்டு லாபத்தில் பாதிக்கும் மேல் பூங்காக்கள், கப்பல்கள் அடங்கிய பிரிவிலிருந்து வந்தது. குறைவான ஆட்கள் வந்தாலும் வருகிறவர் அதிகம் செலவழித்தால் கணக்கு நேராகிவிடும். விலை குறைந்தால் கூட்டம் தாங்காது, அப்போது காசுக்குப் பதிலாக மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும் என்று அவர்கள் தரப்பில் சொல்லலாம். இன்ஜினியராக அதை நான் மறுக்க மாட்டேன். நிலம் அதேதான், ஆட்கள் பெருகிவிட்டார்கள். ஏதோ ஒன்றால் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஒரு குடும்பம் போக வேண்டாம் என்று முடிவெடுப்பது மொத்தத் தொகையைப் பார்த்து மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்பு அப்பா வாசலில் ஒரு தடவை காசு கொடுத்துவிட்டுப் பர்ஸை மறந்துவிடலாம். இப்போது நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ரைடுக்குக் கொடுக்கலாமா, அடுத்ததற்குக் கொடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்காத ஒவ்வொரு தடவையும் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கிறது. 

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“நம்ம ஊர்க் கோயில்ல இல்லாததா? தர்ம தரிசனம் ஒரு பக்கம், கட்டண தரிசனம் ஒரு பக்கம். சாமியே பாத்துக்கிட்டுத்தான இருக்காரு.” உரித்த நாரை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஆனா ஒண்ணுய்யா. பிரகாரத்துல உக்கார்றதுக்கு எவனும் காசு கேக்க மாட்டான்.”

அந்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அனஹைம் போகவில்லை.

*

அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால், ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, சான்டா குரூஸ் போனோம். கடற்கரையை ஒட்டி 1907-இல் தொடங்கிய போர்டுவாக் பூங்கா. வாசலே கிடையாது. கடலைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே உள்ளே நடந்து வருவார்கள், வெளியே போவார்கள். ஏறுகிறவருக்கு மட்டும் டிக்கெட். 1924-இல் கட்டிய மரத்தாலான ரோலர் கோஸ்டர் இன்றும் தடதடவென்று ஓடுகிறது. இங்கேயும் கார் நிறுத்தக் காசு, தின்பண்டம் விலை அதிகம், ரைடுக்கு ரைடு கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். நிறைய ஏறினால் இதுவும் கையைக் கடிக்கும். 

1911-ஆம் வருஷத்து ராட்டினம் ஒன்று இருக்கிறது. சுற்றும்போது ஓரத்தில் உள்ள குழாயிலிருந்து ஒரு வளையத்தை உருவிக்கொண்டு, எதிரே வாயைத் திறந்திருக்கும் கோமாளிப் படத்துக்குள் எறிய வேண்டும். மகள் மூன்று தடவையும் தவறவிட்டாள். இறங்கி ஓடிவந்து, “அப்பா, நீங்களும் வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாள். மனைவி இரண்டு டிக்கெட் வாங்கிவந்து தந்தாள்.

என் குதிரையிலிருந்து வளையத்தை எட்டவே முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வெளிப்பக்கம் வரும்போது அம்மா தெரிந்தார். பெஞ்சில் எங்கள் மூன்று பேர் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நாங்கள் கண்ணில் படும்போதெல்லாம் கையசைத்தார்.